உறுதி முடிக்கும் நாள்: தீவகத்தில் ஒரு வீடு கைமாறுவது பற்றி

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஒரு வீடு விலைப்படும்போது வாங்குபவரும் விற்பவரும் ஒரே நாளைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள். நொத்தாரிசின் அலுவலகத்தில் உறுதி எழுதி முடிக்கும் நாள் அது. நல்ல நாள் பார்த்து, இராகுகாலம் தவிர்த்து, சாட்சிகள் இருவரை ஒழுங்குசெய்து, காசையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வைத்தால் அலுவல் முடிந்தது என்பது பொதுவான நம்பிக்கை. ஊரார் ஊரிலேயே இருந்த காலத்தில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை. எல்லைக்காரர் யார், கிணற்றில் யாருக்குப் பங்கு, எந்தப் பிள்ளைக்கு எந்த வளவு சீதனமாகப் போனது என்பதெல்லாம் அயலுக்குத் தெரிந்திருந்தது. உறுதி அந்த அறிவுக்கு எழுத்து வடிவம் கொடுத்தது. இன்று வேலணையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ அந்த அறிவைச் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் ஊரில் இல்லை. எழுத்தில் இருக்கும் காணியும் தரையில் இருக்கும் காணியும் ஒன்றுதானா என்பதை ஒவ்வொரு விற்பனையிலும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கிறது. ஆகவே தீவகத்தில் உறுதி முடிக்கும் நாள் காணியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் வாதம். வேலியையும் கிணற்றையும் பார்த்த பின்னரே மேசைக்குப் போக வேண்டும். மேசையிலிருந்து நேரே காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும்.

மேசையில் நடப்பதைச் சட்டம் கவனமாகவே வரையறுத்திருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க, விற்பவர் கையொப்பமிட வேண்டும். விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். வெற்றுத் தாளில் முத்திரை ஒட்டி எழுதிய அட்வான்ஸ் துண்டை வைத்துக்கொண்டு, காணியை எழுதித் தா என்று நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாமல் போவது இதனால்தான். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் நொத்தாரிசின் கடமைகளைச் சொல்கிறது. பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும், உறுதியை வாசித்து விளக்க வேண்டும், கையொப்பமிடுபவரைத் தானே அறிந்திருக்க வேண்டும், அல்லது அவரை அறிந்த சாட்சிகள் மூலம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், விலைப்பணம் தன் முன்னிலையில் கொடுபட்டதா என்பதை அத்தாட்சியில் குறிக்க வேண்டும். இத்தனையும் நல்ல ஏற்பாடுகள். ஆயினும் காணியைப் போய்ப் பார்க்கும் கடமை இவற்றில் எங்கும் இல்லை. உறுதியின் அட்டவணையில் உள்ள காணிக்குள் இப்போது யார் குடியிருக்கிறார், வடக்கு வேலி எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது என்பதை நொத்தாரிசு தெரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் சட்டம் கொடுக்காத வேலையைக் கொடுப்பது.

இலண்டனிலோ கார்டிஃபிலோ வீடு வாங்கிப் பழகிய தீவகத்தார் ஊரில் காணி வாங்க வரும்போது, அங்குள்ள நடைமுறையை மனத்தில் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தம் பரிமாறும் நாள் வேறு, வீடு கைமாறும் நாள் வேறு. முதலாவது நாளில், வழமையாகப் பத்து வீத முற்பணத்தோடு, இரு தரப்பும் கட்டுப்படுகின்றன. இரண்டாவது நாளில் மீதிப் பணம் வங்கி வழியாகப் போய்ச் சேர்ந்ததும் திறப்பு கைக்கு வருகிறது. இடையில் வாங்குபவரின் சட்டத்தரணி காணிப் பதிவேட்டில் எடுக்கும் உத்தியோகபூர்வத் தேடல், முப்பது வேலை நாட்களுக்கு அவருக்கு முன்னுரிமைப் பாதுகாப்பைத் தருகிறது. பதிவேடே உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம். இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம், பிம்சவிய என்ற பெயரில், அத்தகைய முறையைக் கொண்டுவர முயல்கிறது. ஆனால் தீவகத்தில் புழங்குவது பழைய உறுதிப் பதிவு முறைதான். பதிவகம் உறுதிகளைப் பதிகிறது. அவற்றில் எழுதப்பட்டிருப்பது உண்மை என்று அது பொறுப்பேற்பதில்லை. கையெழுத்தும் காசும் உரிமை மாற்றமும் ஒரே இருப்பில் முடிந்துவிடுகின்றன. இடையில் பிழை திருத்த நாள் இல்லை. அதனால் பிழை தேடும் வேலை முழுவதும் கையெழுத்துக்கு முந்திய நாட்களிலும் அன்றைய காலையிலும் முடிந்திருக்க வேண்டும்.

எழுத்தும் தரையும் எப்படிப் பிரிந்தன என்பதற்கு வரலாறு தெளிவான சான்று. 1990 ஓகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையோடு தீவகத்தின் பெரும்பகுதி காலியானது. மக்கள் பண்ணைக்கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கும், பின் வன்னிக்கும் கொழும்புக்கும் இந்தியாவுக்கும் மேற்கு நாடுகளுக்கும் சிதறினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களது வீடுகளும் காணிகளும் வேறொரு துயரக் கணக்காக நின்றன. தீவகத்துக்குத் திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும், பதுங்குகுழிகளுக்குத் தறித்த பனைகளின் அடிகளையும், கதியால் செத்துப்போன வேலி வரிசைகளையும். பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிரான உரிமையோடு ஆண்டவருக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் உரிமை தருகிறது. போரினால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு இது அநியாயம் என்று உணர்ந்துதான், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும் சிறப்பேற்பாட்டுச் சட்டம் 2016இல், 5ஆம் இலக்கமாக, வந்தது. அதன் பயனைப் பெற வழக்குப் போடுவதற்கான கால எல்லை இரண்டு ஆண்டுகளாகவே இருந்தது. 2009க்குப் பின் ஓடிய ஆண்டுகளுக்கு அந்தச் சட்டம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. வெறுங்காணியாகக் கிடக்கும் ஒரு வளவில் யாரோ வேலி போட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தால், வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளரின் பத்திரமான உறுதி எவ்வளவு பெறுமதியுடையது என்பது வழக்காடித் தெரிய வேண்டிய விடயம். 2025 மார்ச் 28 வர்த்தமானி வடமாகாணத்தில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கேட்டபோது எழுந்த பதற்றமும் இதே இடைவெளியிலிருந்து பிறந்ததுதான். உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் அரசு அதை மீளப் பெற்றது. ஆனாலும் உறுதியைப் பெட்டிக்குள் வைத்திருப்பது காணியை வைத்திருப்பதற்குச் சமமாகாது என்பது அந்தச் சில மாதங்களில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

உறுதியின் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். காணிக்கு ஒரு பெயர், இத்தனை பரப்பு இத்தனை குழி என்ற விஸ்தீரணம், நான்கு எல்லைகள், உள்ளே நிற்கும் வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர். எல்லைகள் பெரும்பாலும் அயல் காணிக்காரரின் பெயர்களாலேயே சொல்லப்படுகின்றன. முந்திய உறுதியிலிருந்து அடுத்த உறுதிக்கு அவை அப்படியே பெயர்த்தெழுதப்படுவதால், இன்று கையெழுத்தாகும் உறுதியில் கிழக்கெல்லையாக நிற்பவர் இறந்து இரண்டு தலைமுறையாகியிருக்கலாம். அவரது காணி பிள்ளைகளுக்குள் நான்காகப் பிரிந்து, அதில் ஒரு துண்டு வெளியாருக்கு விலைப்பட்டுமிருக்கலாம். விஸ்தீரணமும் அப்படித்தான். பரப்புக்குப் பத்துப் பேர்ச் என்று கணக்கிட்டு, உறுதியில் உள்ள பரப்புக்கு விலை பேசிவிட்டு, நில அளவையாளர் அளந்தபோது இரண்டு பரப்புக் குறைந்தால் அந்தக் குறைவு யாருடையது? நெடுந்தீவில் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள் எல்லையை ஓரளவு காப்பாற்றி வைத்திருக்கின்றன. மற்றத் தீவுகளில் கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலிகளுக்கு அந்த உறுதி இல்லை. ஒவ்வொரு முறை கதியால் போடும்போதும் அவை ஒரு சாண் நகரலாம். அதனால் புதிய நில அளவைப் படம் இல்லாமல் உறுதி முடிப்பது தீவகத்தில் துணிகரமான செயல். அன்று காலை, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விற்பவரும் வாங்குபவரும் எல்லைக்காரரும் எல்லைக்கற்களைச் சுற்றி நடப்பது இதற்கு மிகச் சிறந்த பரிகாரம். எல்லைக்காரர் ஒருவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பை மேசைக்குப் போகுமுன் கண்டுகொள்வது நல்லது.

எல்லையைவிடப் பெரிய விடயம் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லின் மேல் கடல் சூழக் கிடக்கும் இத்தீவுகளில், உவர் ஏறாத கிணறு காணியின் விலையைத் தீர்மானிக்கிறது. சாட்டிப் பக்கத்து மணல் நிலத்து நன்னீர்க் கிணறுகள் அயலூர்களின் தாகத்தையும் தீர்த்து வந்தவை. ஒரு கிணற்றில் நான்கைந்து வளவுகளுக்குப் பங்கு இருப்பது இங்கே வழமை. அந்தப் பங்கும், கிணற்றுக்குப் போய்வரும் வழியும், நீர் அள்ளிக்கொண்டு வரும் வாய்க்காலும் உறுதியில் எழுத்தாக இருக்க வேண்டும். பல பழைய உறுதிகளில் அவை தெளிவாகவே இருக்கின்றன. இடையில் எங்கோ அவசரமாக எழுதிய ஒரு நன்கொடை உறுதியில் அந்த ஒரு வரி விடுபட்டிருந்தால், அடுத்த உறுதி அந்த விடுபடலையே பெயர்த்துக்கொள்கிறது. வாங்குபவர் வீட்டுக்குக் குடிவந்து வாளியோடு கிணற்றடிக்குப் போகும்போதுதான் அது தெரியவரும். அன்று காலை செய்ய வேண்டியவற்றில் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்ப்பதும், பங்காளிகளைக் கண்டு பேசுவதும், மூலவுறுதியிலும் புதிய உறுதியின் நகலிலும் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதும் அடங்கும். இதைச் சிறு விடயம் என்று தள்ளுபவர் தீவகத்தில் ஒரு கோடையைக் கழிக்காதவராகத்தான் இருப்பார்.

மேசைக்கு யார் யார் வர வேண்டும் என்பதை இங்கே தேசவழமையும் சேர்ந்து தீர்மானிக்கிறது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்ட வழமை இது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியது. அதன்படி இச்சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் நியாயமின்றி மறுத்தாலோ காணாமற்போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். போரில் கணவனைக் காணாமற்போகக் கொடுத்த பெண்கள் தம் தாய் தந்த வளவை விற்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருப்பது ஒரு பெருங்கொடுமை. இந்த விதி நீங்க வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் விதி நிற்கும்வரை, சம்மதமில்லாத உறுதியை வாங்கியவர்தான் பின்னால் வருந்துவார். திருமணத்தின் பின் சேர்த்த தேடியதேட்டத்திலும் இதே கவனம் வேண்டும். தந்தை இறந்தபின் தாய் தனியே கையெழுத்து வைத்தால், தந்தையின் பங்கில் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது விற்கப்படாமலே நிற்கிறது. ரொறொன்ரோவில் இருக்கும் மூத்த மகன் பத்து ஆண்டுகள் கழித்து வந்து கேட்டால், அவன் கேட்பது சட்டப்படி சரி.

முற்கொள்வனவு உரிமை இன்னொரு வாசல். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம், பங்குக்காரருக்கும் விற்பவரின் வாரிசாகக்கூடியவர்களுக்கும் வெளியாருக்கு முன்பாக வாங்கும் உரிமையைக் கொடுக்கிறது. விற்பவர் முறைப்படி அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். சுதந்திரமான விற்பனைக்கு இது முட்டுக்கட்டை, காலங்கடந்த வழமை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிரிபடாத பங்குகள் நிறைந்த ஓரிடத்தில் அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே வளவுக்குள், ஒரே கிணற்றடியில், முன்பின் தெரியாத ஒருவர் பங்காளியாக வந்து சேர்வது ஒரு குடும்பத்தின் அன்றாடத்தையே மாற்றிவிடும். அவர்களிடம் முதலில் கேள் என்று சட்டம் சொல்வது நியாயம். நடைமுறையில் குறை இருக்கிறது: அறிவித்தல் வேண்டியவர் இப்போது எந்த நாட்டில் எந்த முகவரியில் இருக்கிறார் என்று தேடுவது விற்பவருக்குப் பெரும்பாடு. அந்தத் தேடலை விலை பேசுமுன் தொடங்கினால், உறுதி முடிக்கும் நாளில் பங்காளிகளின் சம்மதக் கடிதங்கள் மேசையில் இருக்கும்.

சொந்தத்துக்குள் நடக்கும் விற்பனையில் இத்தனை சோதனை எதற்கு என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. மாமனிடம் வாங்கும் மருமகன் பதிவேடு தேடினால் மாமனுக்குக் கோபம் வரும் என்கிறார்கள். ஆனால் தீவகத்துக் காணி வழக்குகளின் இரு தரப்பிலும் நிற்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரரே. சொந்தத்துக்குள் எழுதாமல் விட்டதே பின்னால் வழக்காகிறது. செலவைப் பற்றிய மறுப்புக்குக் கூடுதல் கனம் உண்டு. அளவைப் படம், பதிவேட்டுத் தேடல், நொத்தாரிசுக் கட்டணம், இவற்றோடு விற்பனைக்கு முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் மாகாண முத்திரைத் தீர்வை. விலை குறைந்த தீவுக் காணிக்கு இது சுமைதான். அதனால் பலர் உறுதியில் விலையைக் குறைத்து எழுதுகிறார்கள். வருமானத் திணைக்களம் மதிப்பிட்டு மிகுதித் தீர்வையைக் கேட்கும் ஆபத்து ஒருபுறமிருக்க, குறைத்த அந்த விலையையே காட்டிப் பங்காளி ஒருவர் அதே விலைக்குத் தனக்குத் தரும்படி வாதாடவும் அது வழிவிடும். வழக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், உறுதியில் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிறுவுவது கடினம். அளவைப் படத்தில் மிச்சம் பிடிப்பதையும் விலையில் பொய் சொல்வதையும் செலவுக் குறைப்பு என்று சொல்ல முடியாது. இரண்டும் பின்னுக்குத் தள்ளிய செலவுகள். பணத்தை வங்கிக் காசோலையாக, நொத்தாரிசின் முன்னிலையில், உறுதியில் எழுதிய முழுத் தொகையாகக் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

விற்பவர் வெளிநாட்டில் இருக்கும்போது காணியில் வந்து நிற்பது எப்படி என்ற கேள்வியே மிகக் கடினமானது. தீவகத்தில் இன்று நடக்கும் விற்பனைகளில் அற்றோணித் தத்துவம் வழியாக நடப்பவை ஏராளம். 1902ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி பதியப்படும் இந்தத் தத்துவங்களைப் பற்றிய விதிகள், மோசடிகள் பெருகியதால் 2022இல் இறுக்கப்பட்டன. ஆனால் எந்தத் திருத்தமும் மாற்றாத உண்மை ஒன்று: தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். முதிய உரிமையாளர் மொன்றியலில் இறந்த செய்தி ஊருக்கு வருமுன் இங்கே எழுதப்படும் உறுதி நிற்காது. அதனால் அன்று காலை தத்துவம் கொடுத்தவரோடு காணொளியில் பேசி, காணியைக் காட்டி, இந்தக் காணிதான், இந்த விலைதான் என்று அவர் வாயால் கேட்பது வாங்குபவருக்கு அவசியம். மேசையில் உட்கார்ந்து வேகமாக முடித்தால் இந்தச் சோதனை நடக்காது. காணியில் தொடங்கும் நாளில் இது இயல்பாகவே நடந்துவிடும். வாங்குபவர் வெளிநாட்டவரானால் வேறொரு சட்டம் குறுக்கிடுகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீனக் கட்டுப்பாடுகள் சட்டம், இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்குக் காணி விற்பதைச் சில விலக்குகளோடு தடுக்கிறது. குடியுரிமையை இழந்து இரட்டைக் குடியுரிமை பெறாத ஒருவர், தான் பிறந்த வீட்டையே பக்கத்து உறவினரிடமிருந்து விலைக்கு வாங்க முடியாது. காசை அனுப்பி மருமகன் பெயரில் எழுதுவிக்கும் வழக்கம் இதனால் பெருகியது. அப்படி எழுதிய நாளிலிருந்து உறுதியின்படி உரிமையாளர் மருமகனே. அவருடைய கடன்காரரும் அவருடைய வாரிசுகளும் அதை அப்படித்தான் பார்ப்பார்கள்.

சாட்டி போன்ற கடற்கரை ஓரத்தில் வீடு வாங்குபவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சிந்தாத்திரை மாதா ஆலயமும் வெண்மணல் கரையும் இருக்கும் இப்பகுதிக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியதும் விடுதி கட்டும் ஆசையோடு காணி தேடுவோர் கூடினர். உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கடற்கரை வலயம் என்கிறது 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம்; அந்த வலயத்துக்குள் கட்டுமானத்துக்கு அனுமதி வேண்டும். ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்கு அனுமதி இருந்ததா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் சோலைவரி நிலுவையையும் பார்த்துக்கொள்வது இதனோடு சேர்ந்த சிறு வேலை.

கையெழுத்தான பின் பதிவகத்துக்கு உடனே போக வேண்டும் என்பதற்கு 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டமே காரணம். ஒரே காணியை ஒருவர் இருவருக்கு எழுதிக் கொடுத்தால், மோசடியோ கூட்டுச்சதியோ இல்லாதவிடத்து, முதலில் பதிந்தவரின் உறுதிக்கே முன்னுரிமை. முதலில் எழுதியவர் என்பது உதவாது. பதிவேட்டுத் தேடலை மூன்று வாரத்துக்கு முன் எடுத்துவிட்டு அதன்மேல் நம்பிக்கை வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. இடையில் ஓர் ஈடு பதியப்பட்டிருக்கலாம். பிரிவினை வழக்கொன்றின் அறிவித்தல் பதியப்பட்டிருந்தால், 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின்படி அதன் பின் நடக்கும் விற்பனை செல்லாது. கடைசித் தேடல் முதல் நாளோ அன்று காலையோ நடந்திருக்க வேண்டும். வேலணைக்காரருக்கு யாழ்ப்பாண நகரம் பண்ணைப் பாலத்தால் பக்கம்தான். நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறும் நேரமே நாளின் அளவைத் தீர்மானிக்கிறது. காணியில் காலையும், மேசையில் நண்பகலும், பதிவகத்தில் பின்னேரமும் அவர்களால் ஒரே நாளில் முடிக்க இயலாது. அவர்களுக்கு என் வாதம் இரண்டு நாளாகப் பிரிகிறது. எல்லைச் சுற்றலை முந்திய நாள் பின்னேரம் வைத்து, யார் யார் உடனிருந்தார்கள் என்று ஒரு குறிப்பு எழுதி, கிராம அலுவலரின் முன்னிலையில் ஒப்பமிட்டுக்கொண்டு, காலைப் படகில் புறப்படலாம்.

விற்பவரின் பக்கத்தையும் மறக்கக்கூடாது. அவருக்கு முழுப் பணமும் கைக்கு வருமுன் திறப்பைக் கொடுக்கும் கடப்பாடு இல்லை. திறப்பைக் கொடுத்த அன்றே மின்மானி வாசிப்பைக் குறித்து, மின்சாரக் கணக்கை வாங்குபவர் பெயருக்கு மாற்றக் கடிதம் கொடுப்பது அவருக்கு நல்லது. வளவில் ஒரு துண்டை மட்டும் விற்றிருந்தால் மூலவுறுதியை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர் அதன் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்துக்கொண்டு, தேவைப்படும்போது மூலவுறுதியைக் காட்டுவதாக விற்பவர் தரும் வாக்கைப் புதிய உறுதியிலேயே ஒரு வரியாக எழுதுவிக்க வேண்டும். எஞ்சிய துண்டுக்குப் போகும் வழியையும் கிணற்றுப் பங்கையும் விற்பவர் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறாரா என்பது அதே உறுதியில், அடுத்த வரியில் வர வேண்டும்.